இரு நொத்தாரிசுகளும் ஒரு திருமணமும்

பால்ஸாக்கைப் பற்றி நம்மிடையே பேச்செழும்போதெல்லாம் 1888 இல் எங்கெல்ஸ், மார்கரெட் ஹார்க்னெஸுக்கு எழுதிய கடிதமே முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது. முடியாட்சிப் பற்றாளரான அவர், தம் சொந்த அனுதாபங்களையும் மீறி, தாம் நேசித்த பிரபு வர்க்கத்தின் வீழ்ச்சியை உள்ளவாறே சித்திரித்தார் என்பது அக்கடிதத்தின் சாரம். பொதுவில் இது சரியே. ஆயினும் ஒவ்வொரு நாவலையும் தனித்தனியே படித்து எடைபோடும் சிரமத்திலிருந்து அக்கூற்று நம்மை விடுவித்துவிடலாகாது. 1835 இல் வெளிவந்து, பின்னர் ‘திருமண ஒப்பந்தம்’ எனப் பெயர் மாற்றப்பட்ட சிறு நாவலில் பால்ஸாக்கின் யதார்த்தம் பாதிவழியில் நின்றுவிடுகிறது என்பதே என் கருத்து.

கதை போர்தோ நகரில் நிகழ்கிறது. போல் த மனெர்வில் நிலபுலமுள்ள பிரபு. நத்தலி பேரழகி, ஆனால் தந்தை விட்டுச்சென்ற அவளது பங்கைத் தாயான எவாஞ்சலிஸ்தா அம்மையார் ஆடம்பர வாழ்வில் கரைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு மத்தியாஸ் என்ற முதிய நொத்தாரிசு. பெண்வீட்டாருக்குச் சொலோனே என்ற இளையவர். காதலர் இருவரும் ஒருபுறம் அமர்ந்து இன்சொல் பேசிக்கொண்டிருக்க, மறுபுறம் நொத்தாரிசுகள் பொருதுகின்றனர். தாயின் வைரங்கள்கூட விலைமதிப்புக்குப் போகின்றன. இறுதியில் மத்தியாஸ், நிலத்தை மூத்த ஆண்வாரிசுக்கே உரிய, விற்கவொண்ணாத சொத்தாகக் கட்டிவிடுகிறார். தான் தோற்றதைத் தாமதமாக உணர்ந்த தாய் வஞ்சினம் கொள்கிறாள். சில ஆண்டுகளில் கடனில் மூழ்கிய போல், பொருள்தேடிக் கப்பலேறிய பின்னரே தன் வீழ்ச்சியில் மனைவிக்கும் மாமிக்கும் இருந்த பங்கை ஒரு கடிதத்தின் மூலம் அறிகிறான்.

இளமையில் சட்ட அலுவலகங்களில் எழுதுவினைஞராயிருந்த பால்ஸாக்குக்கு அந்த மேசையைச் சூழ்ந்த ஒவ்வொரு மூச்சும் தெரிந்திருக்கிறது. பேரம் நடக்கும் பக்கங்கள் இன்றும் நம்மை இழுத்துப் பிடிப்பவை. காதல் என்ற திரைக்குப் பின்னால் காணியும் காசும் பேசுவதை இத்துணைத் துல்லியமாகக் காட்டியோர் சிலரே.

ஆனால் அவர் எழுதாமல் விட்டது எது? 1804 ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டக்கோவை, மணமக்கள் தமக்கேற்ற சொத்து முறையைத் தெரிந்துகொள்ள இடமளித்தது. பொதுச்சொத்தாக வைத்துக்கொள்ளலாம், தனித்தனியே பிரித்துக்கொள்ளலாம், சீதன முறையைக் கைக்கொள்ளலாம். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது! அதே கோவையின் 1388 ஆம் பிரிவோ, குடும்பத் தலைவன் என்ற வகையில் கணவனுக்குள்ள அதிகாரத்தை எந்த ஒப்பந்தத்தாலும் குறைத்தலாகாது என்றது. பொதுச்சொத்தை மனைவியைக் கேளாமலே விற்கவும் ஈடுவைக்கவும் கணவனுக்கு உரிமையிருந்தது. சொத்தைப் பிரித்துவைத்த மனைவியும் தன் காணியை அவன் சம்மதமின்றி விற்க முடியாது என்றது 217 ஆம் பிரிவு. எந்த வாயிலால் நுழைந்தாலும் பெண் போய்ச்சேரும் அறை ஒன்றே.

வெளிப்படையான அதிகாரம் மறுக்கப்பட்டவர் மறைமுக வழிகளை நாடுவது புதுமையன்று. தாயும் மகளும் செய்யும் சூழ்ச்சி அத்தகையது. பால்ஸாக் அதனைப் பெண்ணினத்தின் இயல்பாகவே காண்கிறார்; மூத்தமகனுரிமையைக் காக்கும் மத்தியாஸையோ நேர்மையின் வடிவமாக்குகிறார். இங்கே அனுதாபம் யதார்த்தத்தை வென்றுவிட்டது. ஒப்பந்தம் எழுத ஒன்றுமேயில்லாத ஏழைப் பெண்ணுக்கும் கதையில் இடமில்லை. சட்டம் தானாக விதித்த பொதுச்சொத்து முறையில் அவளது கூலியும் கணவன் கைக்குரியதாயிற்று. அதைத் தானே ஆளும் உரிமையை 1907 ஆம் ஆண்டுச் சட்டமே அவளுக்கு அளித்தது. கணவனைக் கேளாமல் வங்கிக் கணக்குத் திறக்கவும் தொழில் பார்க்கவும் 1965 வரை, பொதுச்சொத்தைச் சரிநிகராக நிர்வகிக்க 1985 வரை, பிரெஞ்சுப் பெண் காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவையும் தொலைதேசத்துச் செய்தியென்று யாழ்ப்பாணத்து வாசகர் தள்ளிவிட முடியாது. 1706-07 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் ஏட்டிலேற்றப்பட்ட தேசவழமை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகுத்தது. சீதனம் பெண்ணின் தனியுடைமை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம், காணியையோ கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றலாகாது என விதித்தது. சம்மதம் நியாயமின்றி மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றப் படியேறலாம், அதற்கும் செலவுண்டு. பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்களை இத்தளையிலிருந்து விடுவித்த 1923 ஆம் ஆண்டுச் சட்டம் தேசவழமைக்குட்பட்ட பெண்களை விலக்கியே வைத்தது. பிரெஞ்சு மணமக்களுக்கு இருந்த போலித் தெரிவுகூட இங்கே இருக்கவில்லை. தேசவழமைக்குட்பட்ட ஆடவனை மணந்த பிறசட்டத்துப் பெண்ணும், மணவாழ்வு நீடிக்கும் வரை அதற்குட்பட்டவளானாள்.

நம் சிறுகதைகள் சீதனக் கொடுமையை நிறையப் பேசியிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை தாலி ஏறியதும், அல்லது ஏறாமற் போனதும், முடிந்துவிடுகின்றன. சீதன உறுதி பெட்டகத்துள் போன பிறகு நடப்பதை எழுதுவோர் அரியர். பிள்ளையின் படிப்புச் செலவுக்குத் தன் பெயரிலுள்ள இரண்டு பரப்புக் காணியை விற்க முனைந்த தாய், விட்டுப் பிரிந்த கணவனின் கையொப்பத்துக்காக அலைந்த கதையை எழுத, நொத்தாரிசு மேசையின் முன் பால்ஸாக் அமர்ந்ததுபோல் யாரேனும் பொறுமையாய் அமர வேண்டியிருக்கிறது.