ஒரே ஒரு தண்ணி

காபி விலை ஏறினாலும் ஏறியது, மலைத்தோட்டக்காரர்களுக்குப் புது மந்திரம் ஒன்று கிடைத்துவிட்டது. 2024-இல் லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன்னுக்கு ஐயாயிரம் டாலரைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டுக்கு நான்கு டாலருக்கு மேல் போனது. அதிலிருந்து தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிறுமலை என்று எந்தப் பக்கம் காபிப் பேச்சு எடுத்தாலும் ஸ்பிரிங்ளரில் வந்துதான் நிற்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் ‘ஒரே ஒரு தண்ணி’ விட்டால் போதுமாம். பூ ஒன்றுபோல வெடிக்குமாம், காய் பிடிக்குமாம், இனி வானத்தை அண்ணாந்து பார்க்கவே வேண்டாமாம். சரிவில் நீர் சுழன்று தெறிக்க, அடுத்த காட்சியில் கிளை முழுக்க வெள்ளைப் பூ நிற்கும் வீடியோக்களுக்கும் குறைவில்லை. இதை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால், சிறு விவசாயியின் வயிற்றில் அடிப்பதாகப் பதில் வருகிறது.

எதிர்த்துத்தான் சொல்லப் போகிறேன். விளாத்திகுளத்துக் கரிசலில் உட்கார்ந்துகொண்டு காபியைப் பற்றிப் பேச உனக்கென்ன இருக்கிறது என்று கேட்கலாம். கம்பும் உளுந்தும் மிளகாயும் மானாவாரியாக விளைகிற பூமி இது. ஐப்பசி, கார்த்திகை மழை கைவிட்டால் அந்த வருஷ வெள்ளாமை அவ்வளவுதான். தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது என்பதை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு, எந்த மாதத்தில் அதை எடுக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை உண்டு. பக்கத்துக் கோவில்பட்டி குடிப்பதும் பொதிகையில் பிறக்கும் தாமிரபரணித் தண்ணீரைத்தான். மலை என்ன செய்கிறது என்பது சமவெளிக்கு வெறும் வேடிக்கை இல்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். காபி மொட்டு சில வாரக் காய்ச்சலில் உறங்கிக் கிடந்து, ஓர் அங்குலம் அளவுக்கு மழை விழுந்ததும் எட்டுப் பத்து நாளில் ஒருசேரப் பூக்கும். அந்த மழை வராவிட்டாலும் நஷ்டம். அரைகுறைத் தூறலாக வந்தால் மொட்டே கெடும். பூத்த சில வாரத்தில் இன்னொரு மழை இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது. வருஷத்துக்கு ஒரே மகசூல் எடுக்கும் குடும்பத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. கோடை மழையின் ஒழுங்கு குலைந்துவிட்டது என்பதும் நிஜம். குடகிலும் வயநாட்டிலும் ரொபஸ்டாவுக்குப் பூத்தண்ணீர் கொடுத்தவர்கள் நல்ல மகசூல் எடுத்தார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. செடிக்குத் தண்ணீர் விட்டால் செடி நன்றாக இருக்கும் என்பதை மறுக்க ஒரு கட்டுரை தேவையில்லை.

என் சண்டை கணக்கோடு. ‘ஒரே ஒரு தண்ணி’ என்கிறவர்கள் வருஷத்தின் 365 நாளையும் கீழே வைத்து அந்த ஒரு நாளை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எதுவுமே கொஞ்சமாகத்தான் தெரியும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் என்றால் ஒரு லட்சத்து இரண்டாயிரத்துச் சொச்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் பத்து லாரி. கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு. ஓர் ஏக்கர் காபிக்கு ஒரு தடவை விடும் அந்த அங்குலம், ஏறக்குறைய 1,870 பேரின் ஒரு நாள் தண்ணீர். பிஞ்சு நிற்க இரண்டாவது தடவையும் விட வேண்டும் என்பதை மந்திரம் சொல்லிக் கொடுப்பவர்கள் மெல்லத்தான் சொல்வார்கள். ஆக, ஒன்று என்பது இரண்டு.

இதையே நவம்பரில் எடுத்தால் நான் வாய் திறக்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழையில் கீழ்ப்பழனி மலை ஓடைகள் கரை கொள்ளாமல் ஓடும். பத்து லாரித் தண்ணீர் அதில் ஒரு பொருட்டே இல்லை. மார்ச்சில் அதே ஓடை பாறை இடுக்கில் விரல் பருமனுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மணல்மூட்டை நாலு அடுக்கி, தேங்கியதில் குழாயைப் போட்டு, ஆயில் இன்ஜினை ராத்திரி பூராவும் ஓட விடுகிறார்கள். விடியும்போது மூட்டைக்குக் கீழே ஈர மணல்தான் இருக்கும். மேலே தோட்டம் நனைந்திருக்கும். ‘நான் ஒரு தண்ணிதானே எடுத்தேன்’ என்று தோட்டக்காரர் சொல்வது அவர் வரைக்கும் உண்மை. ஓடைக்கு அந்த மாதத்தில் இருந்ததே அந்த ஒரு தண்ணிதான்.

ஒருவர் மட்டும் செய்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பூத்தண்ணீரின் குணமே எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேண்டும் என்பது. நெல்லுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடலாம். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று மடை மாற்றலாம். காபி மொட்டு எல்லாத் தோட்டத்திலும் ஏறக்குறைய ஒரே வாரங்களில்தான் பக்குவத்துக்கு வரும். மேல் தோட்டக்காரர் இன்ஜின் வைத்ததும் கீழ்த் தோட்டக்காரருக்குப் பயம் பிடிக்கும், அவரும் வாங்குவார். வருஷத்திலேயே தண்ணீர் மிக மெலிந்த மாதத்தில், வருஷத்திலேயே மிக அதிகமான பேர் ஒரே நேரத்தில் கைவைக்கும் ஏற்பாடு இது. கண்மாய்ப் பாசனத்தில் இப்படி ஒரு முறையை எந்த ஊர்க்கூட்டமும் ஒப்புக்கொண்டிருக்காது. மலை ஓடைக்குக் கூட்டமும் இல்லை, மடையும் இல்லை, நீர்ப்பங்கும் இல்லை. இன்ஜின் குதிரைத்திறன்தான் பங்கு.

இந்த ஓடைகள் எங்கே போகின்றன? கீழ்ப்பழனி மலைச் சரிவுகளின் நீர் மருதாநதியாகவும் மஞ்சளாறாகவும் குடகனாறாகவும் இறங்குகிறது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கிறது. குடகனாற்றுத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்று சமவெளி விவசாயிகள் தங்களுக்குள் இழுபறி நடத்தியது எல்லோருக்கும் தெரிந்த கதை. கீழே ஒவ்வொரு ஷட்டருக்கும் சண்டை நடக்கும்போது, மேலே அளவுகோலே இல்லாமல் எடுப்பதற்கு மானியம் கேட்கிறார்கள். கிடைக்கவும் செய்கிறது. காபி வாரியத்தின் உதவிகளில் கிணறு, குளம், தெளிப்புக் கருவி எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஓடையில் மார்ச் மாதம் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்க மட்டும் அந்தப் படிவத்தில் இடத்தைக் காணோம்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களில் கெட்டியானது பண்ணைக்குட்டை. மழைக்காலத்தில் பிடித்து வைத்த எங்கள் தண்ணீரைத்தான் விடுகிறோம் என்கிறார்கள். அப்படி இருந்தால் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இரண்டு ஏக்கர் சரிவு வைத்திருப்பவர் எந்தச் சமதளத்தில் குட்டை வெட்டுவார்? ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர் கொள்ளும் குழியை அவர் காபியைப் பிடுங்கிவிட்டுத்தான் தோண்ட வேண்டும். எனவே நடப்பது வேறு. இடம் உள்ளவர் குட்டை வெட்டுகிறார். தார்ப்பாய் விரித்த அந்தக் குட்டையை ஜனவரியில் ஓடையிலிருந்தோ போரிலிருந்தோ நிரப்புகிறார். எங்கள் கரிசலிலும் இதே கூத்தைப் பார்க்கலாம். மழைநீர் பிடிக்க என்று வெட்டிய குட்டைக்கு ஷீட் விரித்து, உப்புத் தண்ணீர் வரும்வரை போர் போட்டு உறிஞ்சி ஊற்றுவதும் உண்டு. பெயரில்தான் அது சேமிப்பு. தண்ணீர் பூமிக்குள் பத்திரமாக இருந்த இடத்திலிருந்து வெயிலில் ஆவியாகும் இடத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

‘சிறு விவசாயி’ என்ற கேடயத்தையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். காபிக் கணக்கில் பத்து ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இருபத்தைந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. மற்ற விவசாயத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு ஹெக்டேர்தான் எல்லை. இருபத்தைந்து ஏக்கர்க்காரரை எங்கள் தாலுகாவில் யாரும் சிறு விவசாயி என்று கூப்பிட மாட்டார்கள். இன்ஜினும் குழாயும் வாங்கும் வசதி முதலில் அவருக்குத்தான் வரும். ஓடை வற்றினால் முதலில் திண்டாடப்போவது கீழே அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்திருப்பவரும், அந்த ஓடையிலேயே குடம் மொண்டு குடிக்கும் பளியர் குடிகளும். சிறு விவசாயியின் பெயரைச் சொல்லி, அவரைவிடச் சிறியவரின் தண்ணீர் எடுக்கப்படுகிறது.

இவ்வளவும் தவிர்க்க முடியாதது என்றால்கூட வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பாடமே இடம் மாறி வந்த பாடம். குடகில் அக்டோபரோடு மழை ஓய்ந்தால் மார்ச் வரை காய்ச்சல்தான். அங்கே பெரும்பாலும் ரொபஸ்டா. அதன் வேருக்கு வறட்சி ஆகாது. பழனி மலையில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை மண்ணை நனைத்துவிட்டுப் போகிறது. இங்கே பெரும்பாலும் அராபிகா. காய்ச்சலின் நீளமும் வேறு, செடியும் வேறு. கர்நாடகத்துப் பாலேஹொன்னூரில் 1925-இல் தொடங்கிய காபி ஆராய்ச்சி நிலையம் போதாதென்று தாண்டிக்குடியிலும் ஒரு நிலையம் வைத்திருப்பதற்குக் காரணமே மலைக்கு மலை மாறும் இந்த வித்தியாசம்தான். அதைப் பார்க்காமல் குடகுக் குழாயை அப்படியே கொண்டுவந்து மாட்டுகிறோம்.

மாட்டியதும் அடுத்த ஆசை வருகிறது. தண்ணீர்தான் கையில் இருக்கிறதே, நிழல் எதற்கு என்று கல்யாண முருங்கையையும் காட்டு மரத்தையும் கழித்துவிட்டு, மிளகு ஏற்ற சில்வர் ஓக்கை மட்டும் நிறுத்துகிறார்கள். வெயில் பட்ட அராபிகாத் தண்டு என்றால் வெள்ளைத் தண்டுத் துளைப்பானுக்குக் கொண்டாட்டம். வெயில் விழும் பட்டையில் முட்டை வைப்பது அந்த வண்டின் வழக்கம். போதுமான நிழல்தான் அதற்கு முதல் தடுப்பு என்பதைக் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் எவரும் சொல்வார். நிழல் போனால் மண்ணும் காயும். மண் காய்ந்தால் அடுத்த வருஷம் இன்னும் அதிகத் தண்ணீர் வேண்டும். ‘ஒரே ஒரு தண்ணி’ ஒன்றோடு நின்றதாக எங்குமே சரித்திரம் இல்லை.

வியட்நாமைப் பார்த்தால் போதும். உலகத்திலேயே அதிகமாக ரொபஸ்டா விளைவிக்கும் நாடு. டாக் லாக் மேட்டு நிலத்தில் தொண்ணூறுகளில் காபி பெருகியபோது, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் பாத்தி கட்டிக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். மகசூல் உலகத்தை அசத்தியது. கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. 2016 வறட்சியில் அதே கிணறுகள் வற்றிச் செடிகள் காய்ந்தன. அவர்களும் ஆரம்பத்தில் ஒரு சில தண்ணி என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள்.

மாற்று இல்லையா என்றால், மலையின் மண்ணிலேயே இருக்கிறது. மார்ச் மாதத்தில் அடர்ந்த நிழலுள்ள ஒரு தோட்டத்தில் செடியடியில் குவிந்த சருகை விலக்கிப் பாருங்கள். மேல் சருகு நொறுங்கும். நடுச் சருகு துவண்டு கிடக்கும். அடியில் கறுத்த மக்கில் கையை வைத்தால் குளிரும், விரலில் மண் ஒட்டும். பக்கத்தில் களையைச் சுத்தமாகச் சுரண்டி, நிழலைக் கழித்த தோட்டத்தில் அதே நாளில் மண் தூசியாகப் பறக்கும். இரண்டுக்கும் பெய்தது ஒரே மழை. சருகு மூடாக்கும், இரண்டு வரிசைக்கு நடுவே சரிவுக்குக் குறுக்காக வெட்டும் குழிகளும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பழைய தோட்டக்காரர்கள் கூலி கொடுத்துச் செய்த வேலைதான். அந்தக் கூலி இன்றைக்குக் கட்டுபடியாகவில்லை என்பது நியாயமான குறை. அப்படியானால் இன்ஜினுக்குக் கொடுக்கும் மானியத்தைக் குழி வெட்டும் கூலிக்குக் கொடுக்கட்டும். மூடாக்கால் மார்ச்சில் பூவை வரவழைக்க முடியாதுதான். ஏப்ரல் மழை வரும்வரை மொட்டையும் செடியையும் தாங்கிப் பிடிக்க முடியும். ஒரு வருஷம் மழை பொய்த்தால் அந்த நஷ்டத்துக்குப் பயிர்க் காப்பீடு கேட்கலாம். ஓடையைக் கேட்கக் கூடாது.

கரிசல் விவசாயிக்கு யாரும் இப்படி ஒரு தண்ணியை இனாமாகக் கொடுத்ததில்லை. 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்துவருவது, பெய்கிற மழைக்குள் விளையும் பருத்தியையும் சோளத்தையும் தேடுவதுதான். அதே தேடலை மலையில் காபிக்குச் செய்யச் சொன்னால் பிற்போக்கு என்கிறார்கள். இன்ஜின் வாங்கினால் முன்னோடி விவசாயி என்று மாலை போடுகிறார்கள்.

எனவே செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. பருவமழைத் தண்ணீரால் நிரம்பிய குட்டைக்கு மானியம் கொடுங்கள். அதையும் டிசம்பருக்குள் நிரம்பியதா என்று பார்த்துக் கொடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மலை ஓடையில் எந்த இன்ஜினும் இறங்கக் கூடாது என்று விதி போடுங்கள். போட்ட விதியை இரவில் போய்ச் சோதியுங்கள். இதனால் சில வருஷங்களில் காபி குறைவாகக் காய்க்கும். அதைத் தாங்க முடியாத தோட்டம், அந்தச் சரிவில் அவ்வளவு ஏக்கர் காபி வைத்திருக்க வேண்டுமா என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.