விளம்பரத் திரையில் நம் முகம்

பழந்தமிழர் அங்காடிகளில் கொடிகள் பறந்தன. பட்டினப்பாலையைப் பயின்றோர் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை மறந்திருக்க மாட்டார்கள். கள் விற்கும் மனையில் ஒரு கொடி. கற்றறிந்த ஆசிரியர் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடி மற்றொன்று. தெருவில் செல்வோர் அனைவருக்கும் அவை பொதுவாக நின்றன. வேண்டியவர் அணுகினர்; வேண்டாதவர் விலகினர். இன்று நம் வீட்டுக் கூடத்திலேயே பறக்கும் தொலைக்காட்சி விளம்பரம் என்னும் கொடியோ அத்தகையதன்று. தன்னைக் காண்பவர் யார் என்பதை அது முன்னரே தேர்ந்து கொள்கிறது; அவருக்கு ஏற்பவே தன் நிறத்தையும் குரலையும் அமைத்துக் கொள்கிறது.

இதன் வேர் வானொலியில் உள்ளது. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வானொலியில் பகல்நேரத் தொடர் நாடகங்கள் பெருகின. வீட்டிலிருந்த பெண்களே அவற்றின் நேயர்கள். அவற்றுக்குப் பொருளுதவி செய்தவர்களுள் சவர்க்கார நிறுவனத்தார் முதன்மையானோர். ஆகவேதான் அந்நாடகங்களுக்குச் ‘சோப் ஒபரா’ என்னும் பெயர் வந்தது. நாடகத்தின் இடையே விளம்பரம் வருவதாக நாம் கருதுகிறோம். உண்மையில் விளம்பரத்தின் பொருட்டே நாடகம் பிறந்தது. ஒலி, ஒளிபரப்பு நிலையங்கள் விற்கும் சரக்கு நிகழ்ச்சியன்று, நேயர்களே அச்சரக்கு என்று கனடா நாட்டு அறிஞர் டல்லாஸ் ஸ்மைத் 1977இல் எழுதினார். கசப்பான கருத்தெனினும் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று.

இனி, இந்தச் சந்தையில் தமிழ் நேயரின் விலை யாது? சிங்கப்பூரில் 1963இல் தொலைக்காட்சி தோன்றிய காலந்தொட்டே தமிழுக்கு அதில் இடமுண்டு. பல்லாண்டுகள் எட்டாம் ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே தமிழ் ஒலித்தது. 2008இல் வசந்தம் தனி ஒளிவழியாயிற்று. ஆனால், 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் 2.5 விழுக்காட்டினரே. வணிகத் தராசு ஒன்றே நிறுப்பதாயின், நாள்தோறும் தமிழ்ச் செய்தி கேட்கும் பேறு நமக்கு வாய்த்திராது. பொதுப்பணமே அதனைத் தாங்குகிறது. வாங்குவோராக நாம் சிறியோம், குடிமக்களாகச் சமமானோம்.

இவ்வேறுபாடு விளம்பரத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. தீபாவளி நெருங்கினால் பட்டும் பொன்னும் பலகாரமும் தமிழ்த்திரையை நிறைக்கின்றன. மற்ற நாள்களில் வேறு மொழியில் பிறந்த விளம்பரம் தமிழ்க் குரலை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வருகிறது. உதடு ஒன்று பேசுகிறது; செவியில் வேறொன்று விழுகிறது. ‘புதிய, மேம்படுத்தப்பட்ட’ என்று எந்தத் தமிழ்த்தாய் தன் அண்டை வீட்டாரிடம் பேசுவார்? தேக்காச் சந்தைக் கடைக்காரரைக் கேளுங்கள்: “ஒருமுறை வாங்கிப் பாருங்கள், அக்கா, பிடிக்காவிட்டால் மறுமுறை வரவேண்டாம்.” அங்கே விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறிந்து பேசுகின்றனர். மொழிபெயர்த்த விளம்பரமோ நம் செவியை நாடுகிறது, நம்மை நாடவில்லை.

விளம்பரம் என்றாலே இப்படித்தான் என்று சோர்வுறவும் வேண்டியதில்லை. அண்டை நாடான மலேசியாவில் யாஸ்மின் அகமது பெட்ரோனாஸ் நிறுவனத்துக்காக எடுத்த பெருநாள் விளம்பரங்களைப் பலரும் அறிவர். 2009இல் மறைந்த அவர் மலாய்க்காரர். ஆயினும் நோன்புப் பெருநாளையும் சீனப் புத்தாண்டையும் தீபாவளியையும் ஒரே பரிவுடன் நோக்கினார். எண்ணெய் வாங்குமாறு அவை நம்மை வற்புறுத்தவில்லை. பெற்றோர், பிள்ளைகள், மறதி, மன்னிப்பு ஆகியவற்றையே பேசின. நிறுவனத்தின் புகழ் அதனால் வளர்ந்தது என்பதும் உண்மையே, அதுவும் விளம்பரம்தான். எனினும் காண்பவரை மனிதராக மதித்த விளம்பரம் அது. குறை இனத்திலும் இல்லை, எண்ணிக்கையிலும் இல்லை. அக்கறையில்தான் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்யுள் நலம் பாராட்டக் கற்பிக்கும் நாம், விளம்பரத்தின் நலமும் நலமின்மையும் ஆராயக் கற்பித்தல் ஆகாதா? மாணவர் ஒரு மாலை நேரத்து விளம்பரங்களைக் குறித்து வரட்டும். இது யாரை நோக்கிப் பேசுகிறது? ஏன் இந்நேரத்தில் வருகிறது? குடும்பத்தில் பேசுபவர் யார், வாய்திறவாதவர் யார்? இத்தமிழ் எண்ணிய தமிழா, பெயர்த்த தமிழா? இந்நான்கு வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் மொழியையும் கற்பான். தன்னை விலைபேசும் குரலையும் அடையாளம் காண்பான்.

பட்டினப்பாலையில் வணிகக் கொடியோடு அறிஞர் கொடியும் பறந்தது. நம் வீட்டுக் கூடத்தில் முதலாவது கொடி ஏறிவிட்டது. இரண்டாவதை ஏற்ற வேண்டியவர்கள் வகுப்பறையில் நிற்கிறார்கள்.