அரங்கில் கண்ணீர்ப்புகை: வாசலை மறந்த கணக்கு

காற்பந்து மைதானத்தைச் சுற்றி நிறுத்தப்படும் பாதுகாவலரும் போலீசாரும் துப்பாக்கியோ கூட்டத்தைக் கலைக்கும் வாயுவோ வைத்திருக்கக் கூடாது, பயன்படுத்தவும் கூடாது என்கிறது பிஃபாவின் அரங்கப் பாதுகாப்பு விதிகளின் 19ஆம் பிரிவு. ஆனால் அந்த விதி பிஃபா நடத்தும் ஆட்டங்களுக்கு எழுதப்பட்டது. உள்நாட்டு லீக் ஆட்டம் என்றால் காவல் அந்தந்த நாட்டுப் போலீசின் கையில். அவர்கள் தங்கள் சட்டப்படியும், அதைவிட அதிகமாகத் தங்கள் பழக்கப்படியும் நடக்கிறார்கள். ரசிகர்கள் மீது போலீஸ் பலம் பிரயோகித்த பெரிய சம்பவங்கள் பலவும் இந்த இடைவெளியில் நடந்தவைதான்.

அவற்றில் மலேசியாவுக்கு மிக அருகில் நடந்தது இந்தோனேசியாவின் கன்ஜுருஹான் அரங்கில். 2022 அக்டோபர் 1 அன்று கிழக்கு ஜாவாவின் மலாங் வட்டாரத்தில் அரேமா அணி தன் பரம எதிரி பெர்செபாயாவிடம் 2-3 எனத் தோற்றது. சொந்த மண்ணில் அந்த அணியிடம் தோற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஆட்டத்தை மாலையில் வைத்துக்கொள்ளுமாறு உள்ளூர்ப் போலீஸ் கேட்டிருந்தும் இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்கியது. 38,000 பேர் கொள்ளும் அரங்குக்கு 42,000 டிக்கெட் விற்றிருந்தார்கள். பெர்செபாயா ரசிகர்களுக்கு அன்று அனுமதியே கிடையாது. ஆகவே இரு தரப்பும் மோதிக்கொள்ளும் என்ற பேச்சுக்கே இடமில்லை. தோல்விக்குப் பின் அரேமா ரசிகர்கள் வேலி தாண்டித் திடலுக்குள் இறங்கினார்கள். போலீஸ் தடியால் அடித்தது, கண்ணீர்ப்புகைக் குண்டுகளைச் சுட்டது. திடலில் நின்றவர்கள் மீது மட்டுமல்ல, இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கமும் குண்டுகள் விழுந்தன. இந்தோனேசிய மனித உரிமை ஆணையம் 45 முறை சுடப்பட்டதாகக் கணக்கிட்டது. 135 பேர் மாண்டார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சிறார், இருவர் போலீஸ்காரர்கள். பலர் செத்த இடம் திடல் அல்ல, தெற்குப் பக்கத்து 13ஆம் வாசல். திடலில் இறங்காதவர்கள்தான் அங்கே நெரிந்து கிடந்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும்: புகையின் தன்மை, வாசலின் அகலம்.

கண்ணீர்ப்புகைக் குண்டு கக்குவது பெரும்பாலும் சி.எஸ். எனப்படும் இரசாயனத்தின் நுண்தூள். கண்ணை மூடவைக்கும், மூச்சை இறுக்கும், தொண்டையில் நெருப்பை வைக்கும். திறந்த சாலையில் சுட்டால் ஆட்கள் காற்றுக்கு எதிர்த்திசையில் ஓடுவார்கள், சில நிமிடத்தில் தெளிவார்கள். அந்த ஆயுதத்தின் அடிப்படையே ஓட இடம் உண்டு என்பதுதான். அரங்கமோ கிண்ணம் போன்றது. காற்றைவிடக் கனமான புகை படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி, ஆட்களும் இறங்கி ஓடும் அதே சுரங்கப் பாதைக்குள் போய்த் தேங்குகிறது.

வாசலின் கணக்கு இன்னும் கறாரானது. பிரிட்டனின் அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி நூல், சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் கடக்கலாம் என்று வைத்திருக்கிறது. வழக்கமான நாளில் ஒரு பகுதி எட்டு நிமிடத்துக்குள் காலியாக வேண்டும் என்றும் சொல்கிறது. 1.2 மீட்டர் அகலமுள்ள கதவில் சமதளத்தில்கூட நிமிடத்துக்கு நூறு பேர் போக முடியாது. மூவாயிரம் பேருக்கு அப்படி ஒரே கதவு என்றால் அரை மணி நேரம். இது கண் தெரிந்து, வரிசையாக, அவசரமில்லாமல் நடப்பவர்களுக்கான கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி வருபவர்களுக்கு எந்த நூலிலும் கணக்கில்லை. புகைக்குண்டு சுடும் அதிகாரி தன் எதிரே உள்ள கூட்டத்தைப் பார்க்கிறார். அவர் பார்க்க வேண்டியது கூட்டத்துக்குப் பின்னால் உள்ள கதவை. அது திறந்திருக்கிறதா, யார் கையில் சாவி என்று தெரியாமல் சுடுவது, குறி தெரியாமல் சுடுவதற்குச் சமம்.

இது புதுப் பாடமும் அல்ல. 1964 மே 24 அன்று லீமாவில் பெரு, அர்ஜெண்டினா ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆட்டத்தில் பெருவின் கோல் ஒன்று மறுக்கப்பட்டது. இருவர் திடலுக்குள் ஓடினார்கள், அவர்களைப் போலீஸ் அடித்தது, கூட்டம் கொதித்தது, புகைக்குண்டுகள் இருக்கைகளுக்குள் பாய்ந்தன. படியிறங்கி ஓடியவர்கள் தெருவோரத்தில் பூட்டிக் கிடந்த இரும்புக் கதவுகளில் முட்டி நின்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. அரசுக் கணக்கில் மட்டும் 328 சாவு, பெரும்பாலும் மூச்சுத் திணறி. 2001 மே 9 அன்று கானாவின் அக்ராவில் தோற்ற அணியின் ரசிகர்கள் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அங்கேயும் புகை, அங்கேயும் பூட்டிய கதவு, 120க்கும் மேற்பட்ட உயிர்கள். லீமாவுக்கும் கன்ஜுருஹானுக்கும் இடையே 58 ஆண்டுகள். வரிசை மட்டும் மாறவில்லை: சிலர் தவறு செய்கிறார்கள், எல்லோர் மீதும் புகை விழுகிறது, தவறு செய்யாதவர்கள் வாசலில் சாகிறார்கள்.

மலேசிய அரங்குகளில் இந்த அளவுக்கு எதுவும் நடந்ததில்லை. ஆனால் சோதனைகள் வந்திருக்கின்றன. இரண்டு சோதனைகளும் ஷா ஆலாமில். 2014 டிசம்பர் 7 அன்று ஆசியான் கிண்ண அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மலேசியா வியட்நாமிடம் 1-2 எனத் தோற்றது. உள்ளூர் ரசிகர்கள் சிலர் வியட்நாமிய ரசிகர்கள் மீது பாய்ந்து தாக்கினார்கள். இரத்தம் வழிய நின்றவர்களின் படங்கள் வட்டாரமெங்கும் பரவின. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். நான்கு நாள் கழித்து ஹனோயில் மலேசியா 4-2 என வென்று இறுதிக்குப் போனது வேறு கதை. அன்று குறைபட்டது போலீசின் கடுமை அல்ல. சிறிய விருந்தினர் கூட்டத்துக்கும் பெரிய உள்ளூர்க் கூட்டத்துக்கும் நடுவே நிற்க வேண்டியவர்கள் வேண்டிய நேரத்தில் அங்கே போதவில்லை என்பதுதான்.

அடுத்தது 2015 செப்டம்பர் 8. ஐந்து நாளுக்கு முன்புதான் அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-10 என்ற தோல்வி. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சவுதி அரேபியா 2-1 என முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் ரசிகர்கள் தீப்பந்தங்களையும் பட்டாசுகளையும் திடலுக்குள் எறிந்தார்கள். அவர்களின் கோபம் சவுதி மீதல்ல, காற்பந்துச் சங்கத்தின் தலைமை மீது. ஆட்டம் கைவிடப்பட்டது. சவுதிக்கு 3-0 என வெற்றி எழுதப்பட்டது. பிஃபா சங்கத்துக்கு அபராதம் போட்டது. ரசிகர்கள் செய்ததை நியாயப்படுத்த முடியாது. ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் தீப்பந்தம் பிளாஸ்டிக் இருக்கைக்கு நடுவே விளையாட்டுப் பொருளல்ல. ஆனால் அன்று யாரும் சாகவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, ஆட்டக்காரர்களை உள்ளே அனுப்பினால் பெரும்பாலான கூட்டத்துக்கு அங்கே நிற்பதற்கான காரணமே போய்விடும் என்பதற்கு அந்த இரவு ஓர் உதாரணம்.

மலேசியத் தமிழர்களுக்குக் கண்ணீர்ப்புகை அறிமுகமானது அரங்கில் அல்ல. 2007 நவம்பர் 25 அதிகாலையில், மலேசிய இந்தியர்களின் உரிமை கோரிய இண்ட்ராஃப் பேரணிக்கு முன், பத்துமலைக் கோயில் வளாகத்துக்குள் கூடியிருந்தவர்கள் மீது நீர்ப்பீரங்கியும் புகையும் பாய்ந்தன. வளாகத்தின் இரும்புக் கதவு மூடியிருந்தது. கலைந்து போகச் சொல்லப்பட்டவர்களுக்குப் போக வழியில்லை. அன்று தோட்டப்புறங்களிலிருந்து பேருந்து பிடித்துப் போனவர்கள் பலர். காற்பந்தோடு இதற்குச் சம்பந்தமில்லை என்று தள்ளிவிட முடியாது. மூடிய இடத்தில் நிற்கும் கூட்டத்தைத் திறந்த சாலைக் கூட்டமாக நினைப்பது என்ற பிழை இரண்டிலும் ஒன்றேதான். 1955இல் தொடங்கிய கலகத் தடுப்புப் படை, அதாவது எல்லோரும் எஃப்.ஆர்.யூ. என்று சொல்லும் சிவப்பு லாரிப் படை, சாலைக் கலகத்தை மனத்தில் வைத்து உருவானது. பெரிய ஆட்டங்களில் அரங்கின் வெளியே அதே லாரிகள்தான் நிற்கின்றன.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பார்த்தால் மூடிய இடத்துக்கும் திறந்த வெளிக்கும் உள்ள வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். 1929இல் தொடங்கிய போ தோட்டம் முதல் மற்றத் தோட்டங்கள் வரை, லயங்களுக்கு அருகே வெட்டிச் சமப்படுத்திய திடலில்தான் ஆட்டம் நடக்கும். ஒரு பக்கம் செடிச் சரிவு, ஒரு பக்கம் சாலை. பந்து எல்லை தாண்டினால் தேயிலைக்குள் இறங்கி எடுத்து வர வேண்டும். வேலி கிடையாது, டிக்கெட் கிடையாது, போலீஸ் கிடையாது. சண்டை வரும், வராமல் இருக்காது. தோட்ட மேற்பார்வையாளரான மண்டோர் ஒருவரோ மூத்த ஆட்டக்காரர் ஒருவரோ நடுவில் புகுந்து இருவரையும் பெயர் சொல்லித் திட்டுவார். அத்தோடு முடியும், அல்லது ஆட்டம் முடியும். கூட்டம் நான்கு பக்கமும் நடந்து போய்விடும். அங்கே ஒழுங்கைக் காப்பது இரண்டு விஷயம்: தெரிந்த முகம், திறந்த வெளி. இரண்டும் பெரிய அரங்கில் இல்லை.

அதே மலையிலிருந்து பெரிய ஆட்டம் பார்க்கக் கீழே இறங்குபவர்களின் நிலை வேறு. மாநிலம் பகாங் என்றாலும் குவாந்தான் அரங்கைவிட, சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் பேராக்கின் ஈப்போதான் கிட்ட. தேசிய அணி ஆடினால் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கு வரை போக வேண்டும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வேன் எடுப்பார்கள். சின்னப் பையன்களும் இருப்பார்கள். எந்த வாசலுக்கு வெளியே வேன் நிற்கும் என்பதை மட்டும் பேசி வைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். அந்த வாசலை ஆட்டம் முடியுமுன் மூடினால், வேறு வழி எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்ல ஆளும் இருக்க மாட்டார். அணிக் கொடியோடு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வரும் தீவிர ரசிகனுக்கு அரங்கின் மூலை முடுக்கெல்லாம் அத்துப்படி. நெரிசலில் சிக்குவது எப்போதாவது வருபவர்தான்.

போலீஸ் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். எந்த வகைப் போலீஸ் என்பதே கேள்வி. 2004 ஐரோப்பியக் கிண்ணத்தில் போர்த்துகல் இதற்கு ஒரு நல்ல சோதனையாக அமைந்தது. கூட்ட உளவியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் ஸ்டாட்டும் அவருடைய சகாக்களும் நகரப் போலீசுக்கு ஆலோசனை சொன்னார்கள். கவசமும் தலைக்கவசமும் அணிந்த படை கண்ணில் படாத தூரத்தில் தயாராக இருந்தது. முன்வரிசையில் போலீசார் சாதாரணச் சீருடையில் இரண்டிரண்டு பேராக நின்று ரசிகர்களோடு பேசினார்கள். ஒருவன் எல்லை மீறினால் அவனை மட்டும் பிரித்து எடுத்தார்கள். ஆட்டம் நடந்த நகரங்களில் இங்கிலாந்து ரசிகர்களால் பெரிய கலவரம் எதுவும் வரவில்லை. இந்த முறையைப் பின்பற்றாத இன்னொரு படை காவலுக்கிருந்த அல்கார்வ் கடற்கரை ஊரில் கலவரம் வந்தது. கூட்டத்தை ஒரே உடம்பாக நினைத்து அடித்தால் அது ஒரே உடம்பாகவே திருப்பி அடிக்கும் என்பது ஸ்டாட்டின் ஆய்வுகள் காட்டும் விஷயம். அதுவரை ஓரமாக நின்றவன்கூடப் பக்கத்தில் நிற்பவன் பக்கம் சேர்ந்துவிடுகிறான்.

இதன் மறுமுனையைக் கொல்கத்தா 2024 ஆகஸ்ட் 18 அன்று காட்டியது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டதை ஒட்டி நகரமே கொதித்திருந்த நேரம். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதவிருந்த துராண்ட் கிண்ண ஆட்டம் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்தானது. நூறாண்டுப் பகை கொண்ட இரு அணி ரசிகர்களும், கூடவே முகமதன் அணியினரும், அரங்கின் வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். ஆட்டத்துக்குக் காவல் போட ஆளில்லாத நகரில் ரசிகர்களைத் தடியால் அடிக்க மட்டும் அன்று ஆள் இருந்தது. போலீஸ் எத்தனை பேர் என்பதைவிட அவர்களுக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதுதான் முக்கியம் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பொறுப்பேற்பு எல்லா இடத்திலும் மெதுவாகத்தான் நகர்கிறது. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவில் 97 உயிர்களைக் குடித்த நெரிசலுக்கு ரசிகர்களே காரணம் என்று போலீஸ் பரப்பிய கதை பொய் என்றும், அதுவரை நேர்ந்த சாவுகள் சட்டவிரோதமானவை என்றும் விசாரணை மன்றம் தீர்ப்புச் சொல்ல 2016 ஆனது. 2022 மே மாதம் பாரிஸ் அருகே சாம்பியன்ஸ் லீக் இறுதியில் டிக்கெட்டோடு வரிசையில் நின்ற லிவர்பூல் ரசிகர்கள் மீது புகை அடித்தபோதும் முதலில் வந்த விளக்கம் ரசிகர்கள் மீதான பழிதான். சுயேச்சைக் குழுவின் அறிக்கை மறு ஆண்டு வந்து முதன்மைப் பொறுப்பை ஐரோப்பியக் காற்பந்துச் சங்கத்தின் மீது வைத்தது.

கன்ஜுருஹான் வழக்கில் மூன்று போலீஸ் அதிகாரிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2023 மார்ச்சில் சுராபாயா நீதிமன்றம் ஒருவருக்கு 18 மாதச் சிறை விதித்து மற்ற இருவரை விடுவித்தது. அவர்களில் ஒருவரின் ஆட்கள் சுட்ட புகையைக் காற்று திடலின் நடுப்பக்கம் தள்ளிவிட்டது என்பது விடுதலைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலைகளை ரத்து செய்து, ஒருவருக்கு இரண்டரை ஆண்டும் மற்றவருக்கு இரண்டு ஆண்டும் விதித்தது. பழைய அரங்கம் புதுப்பிக்கப்பட்டது. இந்தோனேசியப் போலீஸ் விளையாட்டுப் போட்டிகளின் காவலுக்கெனத் தனி விதி வகுத்து அரங்குக்குள் கண்ணீர்ப்புகையைத் தடை செய்தது. 2023 நவம்பர் 19 அன்று, அதே கிழக்கு ஜாவாவின் கிரெசிக் நகரில், ஒரு லீக் ஆட்டம் முடிந்து ரசிகர்கள் அரங்கின் வெளியே திரண்டபோது போலீஸ் மறுபடியும் கண்ணீர்ப்புகை சுட்டது.