அண்டாவுக்குக் கட்டம் இல்லை: திட்ட விண்ணப்பம் என்னும் பிரதியை வாசித்தல்

தொண்டு நிறுவனங்கள் பற்றிய விவாதம் நம்மிடையே பழசு. 1984இல் பிரகாஷ் காரத் தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்திய வியூகத்தின் ஓர் அங்கமாக அடையாளங்காட்டி எழுதினார். அதன் பின் இங்கு நடந்த சண்டைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன: பணம் எங்கிருந்து வருகிறது? அவசியமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் பணம் எப்படிக் கேட்கப்படுகிறது, கேட்பவர் எந்த மொழியில் கேட்கும்படி பணிக்கப்படுகிறார் என்பது ஓரமாகவே நின்றுவிட்டது. தமிழ் எம்.ஏ. முடித்து வேலை இல்லாமல் திரிந்த சில வருஷங்கள் இந்தக் 'கேட்கிற' தொழிலைச் செய்தவன் நான். எனவே இது வெளியே நின்று வைக்கிற விமர்சனம் இல்லை. குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. கூரையும் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்த பிறகு அங்கே ஒரு சேரித் தெருவில் பல நாள் பொதுச் சமையல். அண்டா கிடையாது. ஊர்த்தெருவில் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். வாடகைக்கு எடுக்க டவுனுக்குப் போக வேண்டும், அதற்கும் முன்பணம். சில மாதம் கழித்து ஒரு சிறிய அமைப்பின் சார்பில் நோட்டும் பேனாவுமாகப் போய், "என்ன வேணும்?" என்று கேட்டேன். பெண்கள் யோசிக்கவே இல்லை. "ரெண்டு அண்டா, ஒரு இட்லிக் கொப்பரை, நூறு தட்டு, பெருசா ஒரு தார்ப்பாய். கல்யாணமோ சாவோ புயலோ, எவன் வாசல்லயும் போயி நிக்க வேணாம் தம்பி."

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஓர் அரசியல் இருக்கிறது. என் கையில் இருந்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

'லாக்ஃபிரேம்' என்று நிறுவன வட்டாரத்தில் சொல்லப்படும் அந்தச் சட்டகம் 1969இல் அமெரிக்க அரசின் உதவி முகமையான யு.எஸ்.எய்டுக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் உருவாக்கிக் கொடுத்தது. நாலுக்கு நாலு, பதினாறு கட்டம். மேலிருந்து கீழாக இலக்கு, நோக்கம், வெளியீடு, உள்ளீடு. இடமிருந்து வலமாக விவரணை, அளக்கத்தக்க சுட்டி, மெய்ப்பிக்கும் வழி, அனுமானம். யு.எஸ்.எய்டு 2025இல் மூடப்பட்டுவிட்டது. அதன் கட்டங்களை யாரும் மூடவில்லை.

'வாசலில் போய் நிற்காமல் இருத்தல்' என்பதை எந்தச் சுட்டியால் அளப்பது? எந்த ரசீதால் மெய்ப்பிப்பது? முடியாது. ஆகவே நான் வேறொன்றை எழுதினேன். 'பிரச்சினை விவரணை' என்ற தலைப்பின் கீழ் அந்தப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை, தலைமைப்பண்பு இல்லை, சேமிப்புப் பழக்கம் இல்லை, பேரிடருக்கான தயார்நிலை இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் 'இல்லை'. அண்டா கொடுக்க மறுத்த ஊர்த்தெரு 'சமூகத் தடைகள்' என்ற இரண்டு சொல்லுக்குள் காணாமல் போயிற்று. சாதி செய்த காரியம் பெண்களின் குறைபாடாக உருமாறியது. படிவம் ஏற்கெனவே இருக்கும் ஒரு 'பயனாளி'யை விவரிப்பதில்லை. இன்மைகளின் தொகுப்பாக ஒரு தன்னிலையைக் கட்டமைத்து, அதற்குப் 'பயனாளி' என்று பெயரும் சூட்டுகிறது. இந்தத் தன்னிலைக்குத் தேவைகள் உண்டு. கோபம் கிடையாது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வராமல் போகாது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் வகைமை அது. நம் 'திட்டம் எழுதும் பயிற்சி முகாம்'களின் பழைய வடிவம் என்று கேலியாகச் சொல்லலாம். சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு அடுக்களை வருகிறது. கண் திறக்காத குட்டிகளோடு நாய் கிடக்கும் இடத்தில் அவன் மனைவி உப்பில்லாமல் வேளைக்கீரையை வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று நாணி வாசலை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு கூடிச் சாப்பிடுகிறாள். அந்த அடைத்த கதவு முக்கியம். வறுமையிலும் தன்னைப் பிறர் பார்வைக்குக் கொடுக்க மறுக்கும் உரிமை அது. நான் பார்த்த படிவங்கள் முதலில் பறிப்பது இதைத்தான்: வீட்டுக்குள் எடுத்த படம், இடக்குறியீட்டோடு.

அன்று கதவு மூடியிருந்தது, இன்று திறந்துவிட்டார்கள் என்று பழம்பெருமை பேசிவிடலாம். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்தது நமக்கு எப்படித் தெரியும்? நத்தத்தனார் எழுதியதால் தெரியும். அவள் அடைத்த கதவை நல்லியக்கோடனின் புகழுக்காகப் புலவர் திறந்துவிட்டார். வள்ளலின் கொடை பெரிதாகத் தெரிய அடுக்களை அவ்வளவு வெறுமையாக இருந்தாக வேண்டும். எனக்கும் நத்தத்தனாருக்கும் தொழில் ஒன்றுதான். அவர் அதை அழகாகச் செய்தார், அவ்வளவுதான்.

அனுப்புவதற்கு முந்தின நாள் ஒரு அக்கா, "என்ன எழுதுனீங்க, படிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்தி, "நாங்க இவ்ளோ கேவலமாவா இருக்கோம்?" என்று கேட்டார். "இப்டி எழுதினாத்தான்க்கா பணம் வரும்" என்றேன். பணம் வந்தது. பொருள் வாங்கும் செலவுக்கு அனுமதியில்லை என்று அண்டா அடிக்கப்பட்டு, மூன்று நாள் தலைமைப்பண்புப் பயிற்சி மட்டும் மிஞ்சியது. பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சோறாக்க டவுனிலிருந்து அண்டா வாடகைக்கு எடுத்தோம்.

பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. 2020இல் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், நிதி பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்தது. பெரிய அமைப்புகள் வழியாகக் கொஞ்சம் பணம் பார்த்துவந்த சிறிய குழுக்களுக்கு அந்த வழி அடைபட்டது. அடுத்து கம்பெனிகளின் வாசல். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடச் சொல்கிறது. வாசல்தான் மாறியது, நிற்பது மாறவில்லை.

'அப்படியானால் விண்ணப்பமே போடக்கூடாதா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சம்பளம் வாங்கிக்கொண்டு தூய்மைவாதம் பேசுவது சுலபம்; புயலில் கூரை போனவரிடம் போய்ப் பேச முடியாது. நான் சொல்ல வருவது சின்ன விஷயம். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் முன்னால், அவர் மொழியில், முழுசாகப் படித்துக்காட்ட முடியாத ஒரு வரியும் விண்ணப்பத்தில் இருக்கக்கூடாது. அடிக்கிற பேனா அவர் கையில் இருக்கட்டும். இதனால் சில நிதிகள் கை நழுவும், தெரிந்துதான் சொல்கிறேன். அன்று அந்த அக்கா கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது பணத்தைப் பற்றியே அல்ல.