களரியும் திரையும்: பொல்லடியையும் பாலேயையும் காணும் முறை பற்றிச் சில சிந்தனைகள்

ஆற்றுகைக் கலையொன்றை நேரிற் காண்பதே காட்சி, திரையிற் காண்பது அதன் நிழல் என்னும் கருத்து நம்மிடையே ஐயத்துக்கிடமற்ற உண்மையாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. நடனம், நாடகம் பற்றி எழுதுவோர் பலர் இதனை முன்னுரையிற் சொல்லிவிட்டு அப்பாற் சென்றுவிடுவர். நேரிற் காண்பவர் யார், அவர் எங்கே நிற்கிறார், அவ்விடத்தில் நிற்கும் உரிமை அவருக்கு எவ்வாறு கிட்டிற்று என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. கல்முனைப் பிரதேச முஸ்லிம்களிடையே பயின்றுவரும் பொல்லடியையும், அதற்கு எவ்வகையிலும் உறவற்றதாகத் தோன்றும் ஐரோப்பிய பாலே நடனத்தையும் அருகருகே வைத்து இவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். இரண்டுக்கும் நீண்டகால இரசிகன் என்பதைத் தவிர இவ்வொப்பீட்டுக்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

களிகம்பு, கோலாட்டம் என்றெல்லாம் வழங்கும் பொல்லடி, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய ஊர்களிற் கல்யாண வீடுகளிலும் சுன்னத்து வைபவங்களிலும் ஆடப்பட்டு வந்தது. நான் அறிந்த ஆட்டக்காரர்கள் வயற்செய்கையாளரும் கரைவலைத் தொழிலாளரும் நெசவாளருமே. இரட்டைப்படை எண்ணிக்கையிலான ஆண்கள் வட்டமாக நிற்பர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பொல்லுகள் இருக்கும். இறைவனையும் நபிகளாரையும் புகழ்ந்து அண்ணாவியார் எடுத்துக் கொடுக்கும் பாட்டுடன் மெல்லத் தொடங்கும் ஆட்டம் படிப்படியாக விரைவுகொள்ளும். பொல்லோடு பொல்லு மோதும் ஓசையே அதன் தாளம். இங்கு முக்கியமாகக் கவனிக்கற்பாலது யாதெனில், பொல்லடிக்காரன் பார்வையாளனை நோக்கி ஆடுவதில்லை என்பதாகும். அவனுடைய கண் எதிரில் நிற்பவனின் கையிலே பதிந்திருக்கிறது. கண்ணைச் சற்று எடுத்தால் விரல் நசுங்கும். சுற்றி நிற்போருக்குத் தெரிவன பெரும்பாலும் முதுகுகளும், முதுகுகளுக்கு இடையில் மின்னி மறையும் முகங்களுமே. இக்கலைக்கு முன்புறம் என்ற ஒன்று இல்லை.

பாலேயின் கதை வேறு. ஆயினும், அதுவும் தொடக்கத்தில் ஒரேயொரு முன்புறத்தைக் கொண்ட கலையாக இருக்கவில்லை. 1581 இல் பாரிசில் பிரெஞ்சு அரசவையினருக்காக அரங்கேறிய ‘பாலே கொமீக்’ மண்டபத் தரையிலே ஆடப்பட்டது. பார்வையாளரிற் பலர் பக்கங்களில் உயர அமைந்த மாடங்களிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தனர். எனவே ஆடும் உடல்கள் தரையில் வரையும் கோலங்களே அன்று பெரிதும் சுவைக்கப்பட்டன. அரசவையை விட்டு, கட்டணம் செலுத்தி நுழையும் அரங்குக்குக் கலை பெயர்ந்தபோது மேடை உயர்ந்தது. படச்சட்டம் அதனைச் சூழ்ந்தது. ஆடுவோர் முன்னோக்கித் திரும்பினர். கமராவுக்கு வேண்டியதும் ஒரு முன்புறமே. ஆகவே பாலே திரைக்குச் செல்வதற்குரிய பாதையிற் பாதியை, சினிமா தோன்றுமுன்னரே நடந்து முடித்துவிட்டது எனலாம்.

2006 டிசெம்பரில் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் ஒப்பரா தன் ஆற்றுகைகளைச் சினிமா மண்டபங்களுக்கு நேரடியாக அனுப்பத் தொடங்கியது. இலண்டன் றோயல் ஒப்பரா மாளிகையும் மொஸ்கோவின் பொல்சோய் அரங்கும் தம் பாலே நடனங்களை அவ்வாறே அனுப்பலாயின. (பொல்சோயின் ஒளிபரப்பு 2022 இல் உக்ரெயின் போரையடுத்து மேலைநாட்டுத் திரைகளில் நின்றுபோயிற்று. திரைக்கும் வாயிற்காவலர் உண்டு.) 2012 இல் ஆய்வொன்றின் பொருட்டு இலண்டனில் ஓராண்டு தங்கியிருந்த காலத்தில் இவ்விருவகைக் காட்சிகளையும் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் பணத்துக்கு வாங்கக்கூடியதாயிருந்த ஆசனம் கூரைக்கு அண்மையில் இருந்தது. அங்கிருந்து முகங்களைக் காண முடியாது. ஆனால் 1895 இல் பெத்திபாவும் இவானொவும் அமைத்த ‘அன்ன ஏரி’யின் இரண்டாங் காட்சியில், வெள்ளுடை அணிந்த மகளிர் நிரைகளாகப் பிரிந்து, கூடி, மீண்டும் பிரியும் அழகு முழுமையாகத் தெரிந்தது. சப்பாத்து நுனிகள் பலகையில் மோதும் ஓசையும் கேட்டது. காற்றில் மிதப்பனபோலத் தோன்றும் அவ்வுருவங்களுக்கு எடை உண்டு, அவை உழைக்கும் உடல்கள் என்பதை அந்த ஓசைதான் உணர்த்திற்று.

அதே நடனத்தைப் பின்னொரு நாள் சினிமா மண்டபமொன்றிற் பார்த்தேன். கதாநாயகியின் கழுத்து நரம்பு தெரிந்தது. நெற்றி வியர்வை தெரிந்தது. நிரைகள் தெரியவில்லை. நிரை அசையத் தொடங்கும் தறுவாயிற் கமரா ஒரு முகத்தை நாடிச் சென்றுவிடும். மீண்டு வரும்போது கோலம் கலைந்திருக்கும். கூட்டுழைப்பின் கலையைத் தனிமனித உணர்ச்சியின் கலையாக மாற்றிக் காட்டும் இயல்பு கமராவுக்குள் இருக்கிறதா, அதனை இயக்குபவரின் பழக்கத்தில் இருக்கிறதா? பழக்கத்திலே என்றுதான் கருதுகிறேன். சத்யஜித் ராய் பாலசரஸ்வதி பற்றி 1976 இல் எடுத்த ‘பாலா’ என்னும் ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள், அந்த அம்மையார் கடற்கரையில் அபிநயிக்கும் பகுதியை நினைவுகூர்வர். காற்று சேலையோடு போராடுகிறது. கரையோரத்தில் வளர்ந்த எம்மைப் போன்றோருக்கு அந்தக் காற்றைத் தோலில் உணர முடியும். எனினும், அவ்விடத்தைத் தெரிவுசெய்தவர் நடனத்தைவிடப் படத்தையே பெரிதாக நினைத்தார் என்ற மனக்குறை எனக்கு உண்டு. ராய் போன்ற மேதைக்கும் அப்பழக்கம் விட்டபாடில்லை.

இதுவரை சொன்னவை நேரிற் காண்பதன் பக்கம் சார்ந்தவை. இனி மறுபக்கம்.

எழுபதுகளில், நான் சிறுவனாயிருந்தபோது, பொல்லடியை வட்டத்தின் விளிம்பிற் குந்தியிருந்து பார்த்தேன். என் உம்மாவும் உம்மும்மாவும் கிடுகு வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தார்கள். பார்த்தார்கள் என்பதைவிடக் கேட்டார்கள் என்பதே பொருந்தும். ஓலை இடுக்கில் ஒரு கையும் ஒரு பொல்லும் தெரியும். எஞ்சியதைக் காது நிரப்பிக்கொள்ளும். நேரிற் காணும் அனுபவத்தின் மேன்மையை விதந்து பேசும் நாம், அந்த அனுபவம் ஊரிற் பாதிப் பேருக்கு மறுக்கப்பட்டிருந்தமையை மறந்துவிடுகிறோம். இலண்டனில் என்னைக் கூரையடிக்கு அனுப்பியது பணம். கல்முனையில் அவர்களை வேலிக்கப்பால் நிறுத்தியது வழக்கம்.

எண்பதுகளில் மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் சென்றவர்களின் உழைப்பால் ஊருக்கு ‘டெக்’ வந்தது. கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கும் வழக்கமும் உடன் வந்தது. எங்கள் உறவில் நிகழ்ந்த ஒரு கல்யாணத்தின் படம் வீட்டில் ஓடியபோது, உம்மும்மா தம் வாழ்நாளில் முதன்முறையாகப் பொல்லடியை மறைப்பின்றிப் பார்த்தார். சற்று நேரத்தில் அவருடைய முகம் சுருங்கிற்று.

“பொல்லுச் சத்தத்தக் காணல்லயே மகன்?”

படம் எடுத்தவர் அந்தப் பகுதிக்குச் சினிமாப் பாட்டொன்றைச் சேர்த்திருந்தார். அறுபது ஆண்டுகளாகக் கேட்க மட்டுமே முடிந்திருந்த ஒருவருக்குப் பார்வை கொடுக்கப்பட்ட அதே கணத்தில் ஓசை பறிக்கப்பட்டது. பொல்லடி பற்றி நான் அறிந்த திறனாய்வுரைகளுள் அந்தக் கேள்விக்கு நிகரானது வேறில்லை.

ஓசையை நீக்குவது வெளிப்படையான கேடு. அதனிலும் ஆழமான மாற்றம் வடிவத்தில் நிகழ்ந்தது. 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபின், கலையரங்குகளிலும் வரவேற்பு வைபவங்களிலும் ஆடும் குழுக்கள் வட்டத்தை முன்புறமாகத் திறந்து பிறைவடிவில் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சில குழுக்கள் இரு நேர்வரிசைகளாகவே நின்றன. பிரமுகருக்கு முதுகு காட்டலாகாது என்பது ஒரு காரணம்; கமராவுக்கு முதுகு காட்டலாகாது என்பது மற்றொன்று. எதிரில் நிற்பவனைப் பார்த்து ஆடியவன் இப்பொழுது பக்கத்திலிருப்பவனின் பொல்லைக் கடைக்கண்ணால் தேடுகிறான். ஆபத்தைத் தவிர்க்க ஆட்டத்தின் விரைவு குறைக்கப்படுகிறது. விரைவு குறைந்த பொல்லடி, உடற்பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் இடைப்பட்ட ஏதோவொன்று.

இவ்விடத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்கு ஆற்றிய பணியைச் சிலர் சான்று காட்டக்கூடும். மட்டக்களப்புக் கூத்தினை வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்து, விடிய விடிய ஆடப்பட்டதைச் சுருக்கி, ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கியதால் அக்கலை நகர மக்களின் மதிப்பைப் பெற்றது உண்மையே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கூத்தன் பார்வையாளருக்குக் கதை சொல்பவன், நாலாபுறமும் திரும்பிச் சொன்னதை ஒருபுறம் திரும்பிச் சொல்வதால் அவன் இழப்பது இடத்தை, தொழிலை அன்று. பொல்லடிக்காரனுக்குச் சொல்வதற்குக் கதை இல்லை. வட்டந்தான் அவனுடைய கதை. அன்றியும், வித்தியானந்தன் அண்ணாவிமாரோடு அமர்ந்து, எதனைக் குறைக்கிறோம், எதனைக் காக்கிறோம் என்று அறிந்து செய்தவர். நம் பிரதேசத்திலோ அந்த முடிவைக் கமராக்காரரின் வசதி எடுத்தது.

இதன் விளைவு அடுத்த தலைமுறையில் தெரிகிறது. பாடசாலையொன்றில் மாணவர்கள் பழைய ஒளிப்பதிவொன்றைப் பார்த்துப் பழகிய பொல்லடியைக் காண நேர்ந்தது. வலக்கையால் அடிக்கவேண்டிய இடத்தில் அனைவரும் இடக்கையால் அடித்தனர். கண்ணாடியைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக் கற்றிருந்தார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கற்பித்திருக்கக்கூடிய அண்ணாவிமாருட் பலர் இன்று இல்லை. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் எமது கரையிலிருந்து மனிதரை மட்டுமா கொண்டுசென்றது? உம்மும்மா பார்த்த அந்த வீடியோ நாடாவும் அன்று போயிற்று. பாட்டு மாற்றப்பட்ட, பாதி கெட்ட அந்தப் படம் இன்று கையில் இருந்தால் எத்தனை அடவுகளை அதிலிருந்து மீட்கலாம் என்று எண்ணாத நாளில்லை. திரையை இகழ்வதற்கு எனக்குத் தயக்கம் உண்டாவது இதனாலேயே.

அண்மையிற் சாய்ந்தமருதுவில் ஒரு கல்யாண வீட்டு முற்றத்திற் பொல்லடி நடைபெற்றது. கிடுகு வேலிகள் மறைந்து மதில்கள் எழுந்துவிட்ட காலம்; வீடுகளுக்கு மேல்மாடி வந்துவிட்டது. பெண்கள் மாடி விளிம்பில் நின்று முழு வட்டத்தையும் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தனர். கைத்தொலைபேசியோடு வட்டத்துக்குள் நுழைய முயன்ற மருமகனை மாடிக்குப் போய் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று, அசையாமல், தொடக்கம் முதல் முடிவுவரை எடுக்கச் சொன்னேன். முகங்கள் அதில் தெரியவில்லை. வட்டம் சுருங்குவதும் விரிவதும், பொல்லுகளின் ஓசையும் முற்றாகப் பதிவாகியுள்ளன. அவற்றுக்கு மேலாக, எடுத்தவனுக்கு அருகில் நின்ற ஒரு பெண்ணின் குரலும் இடையிடையே கேட்கிறது: “அந்தா, பச்சச் சாரன்காரன் பிந்துறான், இன்னும் ரெண்டு சுத்துல அடி வாங்குவான் பாருங்க.” இரண்டாவது சுற்றில் அவன் வாங்கினான்.