பெட்டியா, விட்டமா?

மோட்டார் வாகனத்தின் பின் அச்சிலுள்ள டிபரன்ஷியல் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளக்கும் படங்களுள் சிறந்தது எது என்று கேட்டால், 1937-ல் வெளிவந்த ‘அரவுண்ட் தி கார்னர்’ என்ற குறும்படத்தையே சொல்வேன். அமெரிக்காவின் செவர்லே கம்பெனிக்காக ஜாம் ஹாண்டி நிறுவனம் தயாரித்த படம் அது. சுமார் பத்து நிமிடந்தான் ஓடும். இன்று இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் ஒரே வரிசையாகத் திரும்புகிறார்கள். வெளிப்புறத்தில் இருப்பவர் விரைந்து சென்றால்தான் வரிசை கலையாது. திருப்பத்தில் காரின் இரு பின் சக்கரங்களுக்கும் இதே நிலைமைதான் என்று சொல்லிவிட்டு, இரண்டு சக்கரங்களையும் சில ஆரக்கால்களையும் வைத்துப் படம் தன் வேலையைத் தொடங்குகிறது. ஆரக்கால்கள் பெருகுகின்றன, தடிக்கின்றன, கடைசியில் பற்சக்கரங்களாகவே மாறிவிடுகின்றன. ஒரு சமன்பாடு கிடையாது. பாடம் நடத்துவோர் பொறாமைப்பட வேண்டிய தெளிவு!

ஆயினும் இப்படத்தின்மேல் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது சிறியது. படத்துக் கார் உலர்ந்த, நல்ல சாலையை விட்டு இறங்குவதே இல்லை. ஐப்பசி மழையில் எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் காட்டுக்குள் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு திருப்புவிசையைத்தான் தரும். சகதியில் ஒரு சக்கரம் பிடிப்பின்றிச் சுற்றினால், கெட்டியான தரையில் நிற்கும் மற்றதற்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கும். வண்டி நகராது. டிராக்டரில் இரு பின் சக்கரங்களுக்கும் தனித்தனி பிரேக் மிதியும், டிபரன்ஷியலைப் பூட்டும் மிதியும் இருப்பதன் பொருள் இதை அறிந்தவர்களுக்கே விளங்கும்.

இரண்டாவது குறைதான் பெரியது. பற்சக்கரங்களை அவ்வளவு அழகாகக் காட்டும் படம், அவற்றைச் சூழ்ந்திருக்கும் அச்சு உறைக்கு என்ன வேலை என்று சொல்வதில்லை. பட்டறையில் ‘ஹவுசிங்’ என்பார்களே, அதுதான். பார்ப்பவர் மனத்தில் அது எண்ணெய் சிந்தாமல் காக்கும் ஒரு பெட்டியாகவே பதிகிறது. லாரியில் சக்கரத்தைக் கழற்றாமலே ஆக்சில் தண்டை மட்டும் உருவி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டு போன பின்பும் வண்டி நிற்கிறதே, பாரத்தைத் தாங்குவது யார்? அந்த உறைதான். அது பெட்டியன்று, விட்டம்.

பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்கள் இந்த விட்டத்தை ஏற்கெனவே ஆய்வகத்தில் சந்தித்திருக்கிறார்கள். இரண்டு கத்தி முனைகளின் மேல் ஒரு சட்டத்தை வைத்து, வெளியே நீண்டிருக்கும் இரு முனைகளிலும் சம எடை தொங்கவிட்டு, நடுப்பகுதி எவ்வளவு உயர்கிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கும் ‘சீரான வளைவு’ச் சோதனையே அது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கத்தி முனைகள் இருந்த இடத்தில் கமான் பட்டைகள் கீழே அழுத்துகின்றன. எடை தொங்கிய முனைகளைச் சக்கரங்கள் மேலே தள்ளுகின்றன. பின் அச்சு உறை அப்படியே வந்துவிட்டது! யங் குணகத்தைக் கண்டுபிடித்து மதிப்பெண் வாங்கியதும் இந்தச் சோதனையை மறந்துவிடும்படி நாம் கற்பிக்கிறோம். அந்த அமெரிக்கப் படத்தின் குறையும் நம் செய்முறை ஏட்டின் குறையும் ஒன்றேதான்.

இதனால் என்ன நட்டம்? மேடு பள்ளங்களுக்காகப் பழைய ஜீப்பையும் சிறு லாரியையும் மாற்றிக் கட்டுவோரைப் பாருங்கள். ஒரு கணக்குப் போடுவோம். பின் அச்சின் மேல் 1000 கிலோகிராம் பாரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஏறத்தாழ 5000 நியூட்டன். சக்கரத்தின் நடுவிலிருந்து கமான் பட்டை வரை 20 செ.மீ. என்றால், இரு பட்டைகளுக்கும் இடையே வளைக்கும் திருப்புத்திறன் எங்கும் 1000 நியூட்டன் மீட்டர். குழாயின் வெளி விட்டம் 70 மி.மீ., கனம் 6 மி.மீ. எனக் கொண்டால், தகைவு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 56 நியூட்டன். அதே கனத்தில் 80 மி.மீ. குழாயை வைத்தால் எடை ஆறில் ஒரு பங்குதான் கூடும், தகைவோ 42-ஆக இறங்கிவிடும். நல்ல லாபம். ஆனால் அதே ஆள் அகலமான டயருக்காகச் சக்கரத்தைப் பக்கத்துக்கு 5 செ.மீ. வெளியே தள்ளுகிறார். உடனே தகைவு 52-க்கு ஏறிவிடுகிறது! செலவழித்துப் பெற்றதில் பெரும்பகுதி போயிற்று. இதுவும் வண்டி நின்றிருக்கும்போது மட்டுமே. பள்ளத்தில் விழுந்து எழும்போது சக்கரத்தின் விசை இதைப்போல் பல மடங்காகலாம். வண்டியின் பின்புறத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். (பதிவிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பது வேறு விஷயம்.)

சோதனையில் சட்டத்தின் மேற்பரப்பு இழுபடுகிறது. கவிழ்த்துவிட்டதால் உறையில் இழுபடுவது அடிப்பக்கம். விரிசல் பிறக்க ஏற்ற இடம் அதுவே. ஆகவே அடியில் குறுக்கே வெல்டிங் கோடு போடுவது, ஆபத்தான இடத்திலேயே பிளவுக்கு வித்திடுவதாகும். அடியில் நீளவாட்டில் ஒரு பட்டையைச் சற்று இறக்கிப் பொருத்துவது நல்ல யோசனைதான். நடுநிலைத் தளத்திலிருந்து தள்ளியுள்ள உலோகத்தின் பயன் தொலைவின் இருமடியைப் பொறுத்தது. சுழலும் சக்கரத்துக்கு மட்டுமே உரியதென மாணவர் நினைக்கும் இணை அச்சுத் தேற்றம் இங்கேயும் வருகிறது.

அதிலும் ஒரு சங்கடம். வெல்டு குளிரும்போது சுருங்கும். அடிப்பக்கம் மட்டும் சுருங்கினால் உறையின் இரு முனைகளும் கீழ்நோக்கித் தொய்யும், சக்கரங்களின் மேல்விளிம்புகள் வெளியே சாயும். சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவாக இருந்தாலும் பேரிங்கும் எண்ணெய் சீலும் அதை அறிந்துகொள்ளும். கவனமுள்ள பட்டறைக்காரர் ஒரே மூச்சில் பற்றவைக்கமாட்டார். இடமும் வலமும் மாறி மாறிச் சிறுசிறு துண்டாக வைத்து ஆறவிடுவார். பிறகு, லேத்தில் கடைந்த நேரான தண்டு ஒன்றை உறையின் இரு முனைத் துளைகளுக்கும் பொருந்துமாறு செருகிப் பார்ப்பார். தண்டு கைவிசையால் தாராளமாகச் சுழலாவிட்டால் உறை வளைந்திருக்கிறது என்று பொருள்.