ரியோகா ஒயினும் நெய்தல் நில உணவும்

ரியோகா, ஸ்பெயினின் வடக்கே எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள திராட்சை விளையும் பகுதி. அங்கு உருவாகும் சிவப்பு ஒயினும் அதே பெயரால் அறியப்படுகிறது. ஒயினுக்கு ஏற்ற உணவுகளைச் சொல்லும் வழிகாட்டிகள் இந்திய உணவைப் பெரும்பாலும் 'காரமான உணவு' என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுகின்றன. திருவொற்றியூர் போன்ற கடற்கரை ஊரின் சமையலுக்கு இந்தப் பொதுமைப்படுத்தல் பொருந்துவதில்லை.

சுவை

ரியோகாவின் முதன்மைத் திராட்சை டெம்ப்ரனியோ. செர்ரி, பிளம் பழங்களின் மணமும், அமெரிக்க ஓக் பீப்பாயில் ஊறுவதால் வரும் வனிலா மணமும் இதன் அடையாளங்கள். கிரியான்சா 2 ஆண்டுகளும், ரிசர்வா 3 ஆண்டுகளும், கிரான் ரிசர்வா 5 ஆண்டுகளும் முதிர்விக்கப்படுகின்றன. முதிர முதிரப் பழமணம் பின்வாங்கி, புகையிலை, தோல் ஆகியவற்றின் மணம் மேலெழும்.

திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் துவர்ப்பைத் தருகிறது. இது உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைவதால் வாய் உலர்கிறது. இறைச்சியோடு அருந்தும்போது அதன் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கின்றன. திராட்சைக் கொடியின் சுள்ளிகளை எரித்து அந்தத் தணலில் சுட்ட ஆட்டிறைச்சி, ரியோகா வட்டாரத்தில் இந்த ஒயினுக்கு இணையாக அமைந்தது இதனால்தான்.

வடசென்னைத் தட்டில்

காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான மீனவர் சமையலில் புளியும் மிளகாயும் கூடிய மீன்குழம்பு, நெத்திலி வறுவல், கருவாட்டுக் குழம்பு ஆகியவை முதன்மையானவை. இவற்றோடு ரியோகா மூன்று இடங்களில் இடறுகிறது. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுவதால் காரம் கூடுகிறது. புளியின் முன் ஒயினின் இயல்பான புளிப்பு மங்கி, அது தட்டையாகத் தெரிகிறது. சிவப்பு ஒயினில் கூடுதலாக இருக்கக்கூடிய இரும்புச்சத்து, மீனின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சையை எழுப்புகிறது என்று 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது.

ஆனால் மிளகாய் குறைத்த ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு இதே ஒயின் பொருந்தும். ஆகவே குறை ஒயினிலோ குழம்பிலோ இல்லை, இரண்டையும் சேர்க்கச் சொல்லும் பொதுவிதியில் இருக்கிறது.

சங்கப் பாடல்களில்

மதுவுக்கும் உணவுக்குமான பொருத்தம் தமிழுக்குப் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர், நுளையர் மகள் வடித்த முதிர்ந்த தேறலைச் சுட்ட உலர்ந்த குழல்மீனோடு பாணருக்கு அளிக்கின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர், அரிசிக் கூழை ஆற்றி, நெல்முளை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் புளிக்கவைத்து வடித்த மதுவைச் சுட்ட மீனோடு தருகின்றனர். அதே நூலின் பட்டினப் பகுதியில் நறவுக்குத் துணை கொழுத்த பன்றியிறைச்சி.

புறநானூற்றின் 56ஆம் பாடலில் வருவது வேறு காட்சி. நக்கீரர் பாடிய பாண்டியன் நன்மாறன், யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் அருந்துகிறான். அப்பாடலில் உணவு இல்லை. மத்திய தரைக்கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்திருப்பதால், இந்த இறக்குமதி வெறும் கவிக்கற்பனை அல்ல என்பது தெளிவு. எனினும் பாடலில் அது அரசனின் செல்வத்தைக் காட்டும் பொருளாகவே நிற்கிறது. ஆற்றுப்படைகளின் உள்ளூர் மது விருந்தின் பகுதியாக, அந்தந்த நிலத்தின் உணவோடு வருகிறது.

மதிப்பீடு

இப்பாடல்களை மதுவின் பெருமையாகவோ இழிவாகவோ மட்டும் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர். ரியோகாவும் சுட்ட ஆட்டிறைச்சியும் சேர்வது, தேறலும் குழல்மீனும் சேர்வது ஆகிய இரண்டுமே ஒரு நிலத்தின் விளைச்சல் அங்கேயே தன் துணையைத் தேடிக்கொண்டதன் விளைவு.

இன்று இந்த இணையின் ஒரு பாதி வடசென்னையில் இல்லை. டானின் இல்லாததும், இனிப்பும் புளிப்பும் கலந்ததும், ஒயினைவிட ஆல்கஹால் குறைந்ததுமான பனங்கள் கருவாட்டுக்கு இயல்பாகப் பொருந்தக்கூடியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. வெளிநாட்டு ஒயினுக்கு அத்தகைய தடை இல்லை. தடையின் சரிதவறு தனி விவாதத்துக்கு உரியது. ஆனால் ரியோகாவைக் கருவாட்டோடு ஒப்பிட்டு 'இந்திய உணவுக்கு ஒயின் ஒத்துவராது' என்று முடிவுகட்டும்போது, கருவாட்டின் சொந்தத் துணை அந்த ஒப்பீட்டிலேயே இடம்பெறவில்லை என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.